பதிமூன்று நிமிட ஆட்டக்காரர்

பழைய ஆட்டப் புத்தகங்களை, கால்பந்து ஆட்டத்தன்று அணிப் பட்டியலோடு விற்கும் அந்த மெல்லிய புத்தகங்களை, தேடி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தொடுவார்கள். அட்டையில் மடிப்பு விழுந்திருக்கிறதா, நடுவில் இருக்கிற இரண்டு கம்பிப் பின்களும் துருப்பிடித்திருக்கின்றனவா, உள்ளே யாராவது கிறுக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். ஒரு பேனாக் கோடு கண்ணில் பட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். ஹெப்லி டவுன் கிளப்பின் மைதானத்தில், பெரிய பார்வையாளர் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் பத்தொன்பது வருடமாக நான் இவற்றை விற்றுக்கொண்டிருக்கிறேன். சுத்தமான பிரதி கேட்டு வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். லயனல் கிராப்ட்ரீ ஒருவர்தான் கிறுக்கியதைக் கேட்டார்.

"எழுதிக் கெடுத்தது ஏதாச்சும் இருக்கா, கண்ணு?"

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. நெடிய மனிதர், கொஞ்சம் கூன். சைக்கிளை விற்று எத்தனையோ வருடமாகியும் கால்சட்டை ஓரத்தில் கிளிப் மாட்டியிருந்தார். எந்த வருடத்துப் புத்தகம் வேண்டும் என்று கேட்டேன்.

"அறுபத்தெட்டு-அறுபத்தொன்பது. கடைசி ஆட்டம்."

என் கை அந்தப் பெட்டிக்குப் போகவில்லை. பக்கத்துப் பெட்டியைத் துழாவினேன். இல்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மேசைமேல் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை வைத்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கு அடுத்த சனிக்கிழமையும். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே மிட்டாய். காரணம் சொல்லாமல் இனிப்புக் கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை. மிட்டாய்களைத் தின்னாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

ஒருவர்மேல் சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசும்வரை காத்திருப்பேன். தேநீர்க் கடை ஜன்னலில் வரிசை நிற்கும்போது காதைத் திறந்து வைத்துக்கொண்டால் இந்த ஊரில் எல்லாமே வந்து சேரும்.

"யாரு, பதிமூணு நிமிஷமா? இன்னைக்கும் வந்திருக்காரா?"

"வராம? விட்டா இப்பவும் பூட்ஸ் மாட்டிக்கிட்டு இறங்கிடுவார்."

"இறங்கட்டும்யா. இப்ப ஆடறவனுங்களை விட மோசமாவா ஆடிடப் போறார்?"

இப்படித்தான் அவர் கதை எனக்குத் துண்டு துண்டாகக் கிடைத்தது. பதினாறு வயதில் கம்பள ஆலையில் தறி மெக்கானிக்காகச் சேர்ந்தவர். சனிக்கிழமைகளில் டவுனின் இரண்டாம் அணிக்கு ஆடினார். இருபது வயதில் ஒரே ஒரு முறை முதல் அணிக்கு அழைப்பு வந்தது, பன்னிரண்டாம் எண் சட்டையோடு, மாற்று ஆட்டக்காரராக. அவர் சொல்வது: எட்டாம் எண்காரர் நொண்டிக்கொண்டு வெளியே வர, எழுபத்தேழாவது நிமிடத்தில் உள்ளே போனேன், மிச்சப் பதிமூன்று நிமிடமும் ஆடினேன்; பந்தை நான்கு முறை தொட்டேன்; ஒரு முறை தலையால். ஊர் சொல்வது: பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பெஞ்சிலிருந்தே வீட்டுக்குப் போனார்.

அந்தக் கோடையிலேயே கிளப் அவரை விடுவித்தது. பிறகு ஆலை ஆட்டம் ஒன்றில் கணுக்கால் போனது. ஆலையே மூடியபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. அதன்பின் நூலக வண்டி ஓட்டினார். மலையோரக் கிராமங்களில் கிழவிகளுக்குத் துப்பறியும் நாவல் எடுத்துக் கொடுக்கும்போதும் அந்தப் பதிமூன்று நிமிடத்தைச் சொல்லாமல் இறங்கமாட்டாராம். மனைவி பெரில்கூட நம்பவில்லை. ஆட்டத்தன்று அவள் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். "நான் ஊர்ல இல்லாத அன்னைக்குப் பார்த்துத்தான் இவர் ஹீரோ ஆனார்" என்று எல்லோர் எதிரிலும் சொல்லிச் சிரிப்பாள். பெரில் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

டிசம்பரில் லயனல் அவராகவே சொன்னார். மழை பலமாக இருந்ததால் கொட்டகைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாசல்ல பெயர்ச்சுவர் கட்டறாங்க தெரியுமா? முதல் அணிக்கு ஒரு நிமிஷம் ஆடியிருந்தாக்கூடப் பித்தளைத் தகட்டுல பேர் வரும். ஏப்ரல்ல திறப்பு."

"கேள்விப்பட்டேன்."

"மால்கம் லிஸ்ட்டுல என் பேர் இல்ல."

மால்கம் டார்டாஃப் கிளப்பின் பதிவாளர், பள்ளியில் கணக்கு வாத்தியார். கிளப்பின் பழைய ஏடுகள் ஆற்று வெள்ளத்தில் போய்விட்டதால், செய்தித்தாள் நறுக்குகளை வைத்தே எல்லா ஆட்டங்களையும் மறுபடி எழுதியவர். சனிக்கிழமை மாலைப் பத்திரிகையில் 'மாற்று: கிராப்ட்ரீ, இறக்கப்படவில்லை' என்று இருந்ததாம். நிருபர் அச்சுக்கு நேரமாகிவிட்டதென்று ஆட்டம் முடிவதற்குக் கால்மணி முன்பே தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டார் என்பது லயனலின் வாதம். எட்டாம் எண்காரர் ஆஸ்திரேலியாவில் செத்துப்போனார். மற்றவர்களைக் கேட்டால், "யாரோ ஒரு பையன் வந்தான்னு நினைக்கிறேன், அது வேற ஆட்டமோ என்னமோ" என்கிறார்கள்.

"அன்னைக்கு ஆட்டம் பார்த்தவன் எவனாவது புத்தகத்துல குறிச்சு வச்சிருப்பான். அப்பல்லாம் எல்லாரும் குறிப்பாங்களே. அதுக்குத்தான் அலையறேன்" என்றார். பிறகு சாதாரணமாக, "அப்ப இடைவேளைப் பலகையில நம்பர் மாட்டினது யாரு, கண்ணு? அவங்களுக்கு மைதானம் நல்லாத் தெரிஞ்சிருக்குமே" என்று கேட்டார்.

"வில்ஃப் ஹோல்ராய்ட். செத்துட்டார்."

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அந்தக் காலத்தில் மற்ற ஊர்களில் நடக்கும் ஆட்டங்களின் நிலவரம் தெரிய வேண்டுமானால் புத்தகம் வாங்கித்தான் ஆக வேண்டும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஏ இன்னின்ன அணிகள், பி இன்னின்ன அணிகள் என்று அச்சிட்டிருக்கும். இடைவேளையில் ரயில்பாதைப் பக்கத்துப் பலகையில் ஏ, பி, சி என்ற எழுத்துகளுக்குக் கீழே எண் தகடுகள் மட்டும் தொங்கும். புத்தகம் வாங்காதவனுக்கு அது வெறும் எழுத்து. வில்ஃப் கீழே கூண்டுக்குள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு சீட்டில் எழுதிக்கொண்டே மேலே கத்துவார். ஏணியில் நின்று தகடுகளை மாட்ட ஓர் ஆள் வேண்டும். பதினைந்து வயதில் பள்ளியை விட்ட என்னை என் அப்பா அங்கே கொண்டுபோய் விட்டார். கூட்டத்துக்கு என் முதுகு மட்டும்தான் தெரியும் என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

அறுபத்தொன்பது ஏப்ரல் இருபத்தாறு, பருவத்தின் கடைசி ஆட்டம். கடைசி நான்கு இடங்களில் முடித்தால் மற்ற கிளப்புகளிடம் போய், எங்களை லீகில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டும். அந்த அவமானம் வராமல் இருக்க, பட்டியலில் எங்களோடு முட்டிக்கொண்டிருந்த கிராஸ்ஃபீல்ட் அணி வேறு ஊரில் ஆடும் தன் ஆட்டத்தில் தோற்க வேண்டும். கிராஸ்ஃபீல்ட் ஆட்டத்துக்கு எழுத்து டி. அன்று காற்று பலம். வில்ஃப் "பி! சைபர் - ரெண்டு!" என்று கத்தியது என் காதில் "டி" என்று விழுந்தது. அதை டியில் மாட்டினேன். பிறகு வந்த "டி, ரெண்டு - சைபர்" என்பதை, டியில் ஏற்கெனவே தகடு தொங்கியதால் இதுதான் பி என்று நினைத்து, மிச்சமிருந்த பியில் மாட்டினேன். கிராஸ்ஃபீல்ட் இரண்டு கோல் பின்தங்கியிருக்கிறது என்று நினைத்து மைதானமே ஆடியது. தொப்பிகள் பறந்தன. உண்மையில் அவர்கள் இரண்டு கோல் முன்னால் இருந்தார்கள்.

கீழே இறங்கி வந்து சீட்டைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வில்ஃப் சரியாகத்தான் எழுதியிருந்தார். அவர் தேநீர் வாங்கப் போயிருந்தார். நான் சீட்டை அடுப்பில் போட்டேன்.

மாலையில் ஊருக்கு உண்மை தெரிந்தபோது, வில்ஃப் குடித்திருந்தார் என்று முடிவாகிவிட்டது. அவர் எப்போதும் கொஞ்சம் குடித்திருப்பார்தான். பத்தொன்பது வருடம் பார்த்த வேலையை எடுத்துவிட்டார்கள். "நான் சரியாத்தான் சொன்னேன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. அவர் அதன்பின் மைதானத்துக்கு வரவே இல்லை.

ஆகவே, அதே ஆட்டத்தின் கிறுக்கிய புத்தகத்தைத் தேடிக்கொண்டு, பலகையில் மாட்டியது யார் என்றும் கேட்டுக்கொண்டு, வாராவாரம் மிட்டாயோடு ஒருவர் வந்தால் நான் என்ன நினைப்பேன்? பெயர்ச்சுவர் ஒரு சாக்கு என்று நினைத்தேன். ஒருவேளை வில்ஃபின் உறவினரோ. அவர் போனதும் அந்த ஆட்டத்துப் பெட்டியைக் கடைசித் தட்டுக்குத் தள்ளினேன். அதில் சுத்தமான பிரதி ஒன்று மட்டும்தான் இருந்தது; அது அவருக்கு உபயோகமில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரியில் அவருக்குப் புத்தகம் கிடைத்தது. வேறொரு ஊரில் சேகரிப்பாளர்கள் கூடும் சந்தையில், மேசைக்கு அடியில் இருந்த கழித்துப்போட்ட பெட்டியில். செயற்குழு ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ரசிகர் மன்ற அறையில் கூடிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடமிருந்த சுத்தமான பிரதியைக் கொண்டுவரச் சொல்லி மால்கம் ஆளனுப்பினார். கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

அணிப் பட்டியல் பக்கத்தின் ஓரத்தில் மொட்டைப் பென்சிலால் வரிசையாக எழுதியிருந்தது. 22 கோல். 61 எதிரணி. 77, எட்டு வெளியே, 12 உள்ளே. 84 கம்பத்தில் பட்டது. எல்லாம் ஒரே கை, ஒன்றன்கீழ் ஒன்று, இடையில் செருக இடமில்லாமல்.

"யார் எழுதினது இது?" என்றார் மால்கம்.

"தெரியாதுப்பா. பெட்டியில இருந்தது."

"பெட்டியில இருந்தது. உங்களுக்குன்னே எழுதி வச்ச மாதிரி இருந்திருக்கு."

தலைவர் அய்வர் தொண்டையைச் செருமினார். "மால்கம், அவர் வயசுக்காச்சும் கொஞ்சம்..."

"வயசுக்கு மரியாதை குடுக்கலாம், அய்வர். பென்சிலுக்குக் குடுக்க முடியாது." மால்கம் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இடைவேளை ஸ்கோரையும் குறிச்சிருக்காங்க. மைதானத்துல உட்கார்ந்திருந்தா பலகையைப் பார்த்துத்தானே எழுதியிருக்கணும்? என் நறுக்கோட ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏ சரி. சி சரி. ஈ, எஃப் சரி. பி தப்பு, டி தப்பு. கிராஸ்ஃபீல்ட் அன்னைக்கு ரெண்டு கோல் முன்னாடி. இதுல பின்னாடின்னு இருக்கு. இது மைதானத்துல எழுதினது இல்ல. எவரோ வீட்டுல உட்கார்ந்து பழைய பேப்பரைப் பார்த்து எழுதியிருக்கார். எழுதும்போது வரி மாறிப்போச்சு."

யாரோ சிரித்தார்கள். "பதிமூணு நிமிஷத்துக்கு இவ்வளவு வேலையா, லயனல்?"

"நான் எழுதலப்பா" என்றார் லயனல். தொப்பியை முழங்கால்மேல் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "பெரில் இருந்தாக்கூட இப்படி நேரா பொய்யன்னு சொல்லியிருக்கமாட்டா."

நான் நின்ற இடத்திலிருந்து மேசை எட்டடி இருக்கும். கதவு என் முதுகுக்குப் பின்னால். போயிருக்கலாம். தேநீர்ப் பாத்திரம் கொதிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது.

"பலகையில அப்படித்தான் இருந்தது" என்றேன்.

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அய்வர் கையைக் காதில் குவித்தார். "என்னம்மா?"

"அன்னைக்குப் பலகையில பியும் டியும் மாறித்தான் தொங்குச்சு. நான்தான் மாத்தி மாட்டினேன்."

மால்கம் கண்ணாடியைக் கழற்றினார். "பலகை வில்ஃப் ஹோல்ராய்டோட வேலை."

"வில்ஃப் கீழே கூண்டுல. ஏணியில நான்."

"நாப்பது வருஷமா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

"இது ஒரு பதிலா, நொரீன்?"

"இல்லதான்" என்றேன். "வில்ஃப் சரியாத்தான் எழுதியிருந்தார். அந்தச் சீட்டை நான் அடுப்புல போட்டுட்டேன்."

மால்கம் என்னைப் பார்த்தார், லயனலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "இவர் எத்தனை சனிக்கிழமையா உன் கொட்டகைக்கு வராரு?"

"செப்டம்பர்லருந்து."

"மிட்டாய் வேற குடுக்கறாராமே." இந்த முறை பலர் சிரித்தார்கள். இத்தனை வருடம் மற்றவர்களைச் சந்தேகப்பட்ட எனக்கு, சந்தேகப்படுகிறவரின் கண், எதிரில் நின்று பார்க்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அது மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்க்கிற கண்.

"என்னை நம்ப வேண்டாம்" என்றேன். "அடுத்த வெள்ளிக்கிழமை வந்த வாரப் பத்திரிகையில வாசகர் கடிதம் ஒண்ணு வந்தது. பலகையைத் திட்டி. நீங்க ஆட்டச் செய்தியை மட்டும்தான் வெட்டி வச்சிருப்பீங்க. கடிதப் பக்கத்தைப் பாருங்க."

மால்கம் தன் நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டார். புத்தகத்தை லயனலிடம் திருப்பித் தரவில்லை. முடிவு எதுவும் எடுக்காமலே கூட்டம் கலைந்தது.

அன்று ஆட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கொட்டகைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். லயனல் வரவில்லை. நானும் அவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது என்று நினைக்கக்கூடாது என்பதற்காக வராமல் இருக்கிறாரா, அல்லது வேண்டியது கிடைத்துவிட்டதால் வரவில்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை பிற்பகல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மால்கம் வந்தார். நகர நூலகத்தில் எடுத்த நகல் ஒன்றை மேசையில் வைத்தார். நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் கடிதத்தை மறுபடி படித்தேன். கிராஸ்ஃபீல்டின் ஸ்கோரையும் பி எழுத்தில் வர வேண்டிய மார்ஷமின் ஸ்கோரையும் மாற்றிப் போட்டு இரண்டாயிரம் பேரை முட்டாளாக்கிய குடிகாரனை இனியும் கிளப் வைத்திருக்கலாமா என்று கேட்டு, 'ஏமாந்த ரசிகன்' என்று கையெழுத்திட்டிருந்தது.

"பேப்பரைப் பார்த்து எழுதறவனுக்கு இந்தத் தப்பு கரெக்டா வராது" என்றார் மால்கம். "எழுதினவர் அன்னைக்கு மைதானத்துல இருந்திருக்கார். ஓரத்துல இருக்கறதும் அதே கை, அதே பென்சில். கிராப்ட்ரீயைச் சேர்க்கறேன்."

"அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"எதுக்கு? சந்தேகப்பட வேண்டியது என் வேலை."

வேறொன்று கேட்டேன். அடுத்த ஆட்டப் புத்தகத்தில் வில்ஃப் பற்றி ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை. மார்ச் முதல் சனிக்கிழமை வந்த புத்தகத்தில், பதினான்காம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் இருந்தது: '26 ஏப்ரல் 1969 அன்று இடைவேளைப் பலகையில் பி, டி ஆகியவை இடம் மாறியிருந்தன. இதற்கு வில்ஃப் ஹோல்ராய்ட் பொறுப்பல்ல என்று நொரீன் ஸ்கேல்ஸ் கூறுகிறார்.'

"கூறுகிறார் எதுக்கு?" என்றேன்.

"மாறினதுக்குக் கடிதம் இருக்கு. மாத்தினது யாருங்கறதுக்கு உன் பேச்சு மட்டும்தான் இருக்கு. சீட்டை நீதானே எரிச்சே."

வில்ஃபின் மகள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். ஒரு பிரதியை உறையில் போட்டு, கடிதமும் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. தெருவில் பார்த்தால் அவள் அந்தப் பக்கம் போகிறாள். போகட்டும். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

லயனல் மறுபடி வந்தபோது நேராகவே கேட்டேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. "நான்தான் மாட்டினேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா ஊர் ஊரா பெட்டியில தலையை விட்டுக்கிட்டு இருந்திருப்பேனா, கண்ணு? முதல் நாளே உன் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

"பெஞ்சுல உட்கார்ந்தா பலகை நேரா தெரியுமே. ஏணியில இருந்த பொண்ணும் தெரிஞ்சிருப்பாளே."

"அன்னைக்கு என் பூட்ஸ் லேஸைத் தவிர வேற எதையும் நான் பார்க்கல" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அதைப் பாதிதான் நம்பினேன். இன்றும் பாதிதான்.

ஏப்ரல் கடைசியில் சுவரைத் திறந்தார்கள். கொட்டகை ஜன்னலிலிருந்து அது நன்றாகத் தெரியும். ஐநூற்றுச் சொச்சம் தகடுகள், வருட வரிசையில். அறுபத்தொன்பதாம் வருடம் லயனலின் தோள் உயரத்தில் இருந்தது: எல். கிராப்ட்ரீ, மாற்று, 1 ஆட்டம். அவர் அதைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். வெளியூர் அணியின் கழுத்துத் துணி போட்ட ஒருவர், கையில் பட்டாணிக் கிண்ணத்தோடு, பெயர்களை மேலோட்டமாகப் படித்துக்கொண்டே வந்து அவர் அருகில் நின்றார்.

"யாராச்சும் தெரிஞ்சவங்க பேர் இருக்கா, பெரியவரே?"

நான் ஜன்னலைக் கொஞ்சம் தள்ளித் திறந்தேன். எப்படித் தொடங்குவார் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எட்டாம் எண்காரரின் நொண்டலிலிருந்து தொடங்குவார்.

"இல்லப்பா" என்றார் லயனல். "சும்மா பாக்கறேன்."

வெளியூர்க்காரர் நகர்ந்து போனார். லயனல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஆட்டம் தொடங்கும் விசில் கேட்டதும் படியேறி உள்ளே போனார்.